பீரங்கி பார்க்கப் போன மஞ்சள் முடிச்சு

எங்கள் ஊர் மகளிர் குழு வருஷத்துக்கு ஒரு முறை பஸ் வைத்து டூர் போகும். டூர் என்றால் கோயில்தான். ஒரே நாளில் ஐந்து கோயில், ஆறாவதாக நேரம் இருந்தால் ஒரு புடவைக் கடை. இந்தத் தை மாதம் மட்டும் எங்கள் குழுத் தலைவிக்கு என்ன தோன்றியதோ, சென்னையில் ஒரு ராணுவ மியூசியம் இருக்கிறது, அங்கே பீரங்கி இருக்கிறது, டாங்க் இருக்கிறது, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்துவிட்டாள். யாரோ ஒரு பெண் டாங்க் மேல் கைவைத்துச் சிரிக்கிற வீடியோவைத் தன் செல்போனில் எல்லோருக்கும் காட்டினாள். காட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உனுக்காவத்தான்க்கா இந்த ஏற்பாடு. உன் புள்ள மிலிட்டிரில கீறான். நீ பாக்காத வேற யாரு பாக்கறது?"

கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிவிட்டு, அதை விளக்கு ஏற்றினதாகச் சொல்லிக்கொள்கிறாள்.

நான் திருப்புலிவனத்துக்காரி. இருபது வருஷமாகச் சத்துணவு அமைப்பாளர் வேலை பார்க்கிறேன். நான் கத்தினால் பள்ளிக்கூடத்துப் புளியமரத்திலிருக்கிற காக்காய்கள் பறக்கும் என்று டீச்சர்களே கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. காரணம், மியூசியத்துக்குப் போகிற வழியில் ஓர் அம்மன் கோயிலில் இறங்குவோம் என்றும் தலைவி சொன்னாள். அந்த அம்மனிடம் எனக்கு ஒரு வேலை இருந்தது. பீரங்கியை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும், நான் கோயிலோடு நிறுத்திக்கொண்டு பஸ்ஸில் படுத்துத் தூங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஒரே மகன். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். கம்பெனி வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும், வாசலிலேயே இறக்கிவிடும். பிள்ளை போகிறான், வருகிறான், என் கையால் சாப்பிடுகிறான். இதைவிட என்ன வேண்டும்? அவன் என்னவோ விடியற்காலையில் எழுந்து உத்திரமேரூர் வரைக்கும் ஓடிவிட்டு வர ஆரம்பித்தான். உட்கார்ந்து உட்கார்ந்து வயிறு போட்டுவிட்டது, குறைக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து நானே கொண்டைக்கடலை ஊறவைத்துக் கொடுத்தேன். அந்தக் கடலை ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற ஓட்டத்துக்குப் போய்ச் சேருகிறது என்பது முகாமுக்கு இரண்டு நாள் முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. எழுத்துப் பரீட்சை எப்போதோ எழுதி பாஸும் பண்ணிவிட்டிருக்கிறான். சொந்தச் செலவில் எனக்கு நானே சூனியம் வைத்துக்கொண்டிருந்தேன்.

கத்தினேன், அழுதேன், ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் வெளியே போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், இடி இடித்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார். ஓட்டத்துக்கு முந்தின சாயந்திரம் விளக்கு ஏற்றிவிட்டு, அந்த அம்மனை நினைத்து ஒரு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை வைத்து முடிந்தேன்.

எங்கள் பக்கம் எதற்கும் காசு முடிந்து வைப்போம். உடம்பு சரியில்லை என்றாலும் முடிவோம், கல்யாணம் தள்ளிப்போனாலும் முடிவோம், மாடு காணாமல் போனாலும் முடிவோம். கேட்டது நடந்ததும் முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட வேண்டும். முடிந்தவள்தான் அவிழ்க்க வேண்டும், வேறு யார் கையும் படக்கூடாது. அந்தக் காசு வீட்டுச் செலவுக்கு ஆகாது. ஊரில் எல்லாப் பெண்களும் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று முடிவார்கள். நான் என் பிள்ளை தோற்க வேண்டும் என்று முடிந்தேன்.

"தாயே, அவன் எப்பிடியாச்சும் வூடு வந்து சேரணும். வந்தா என் கையால கொண்டாந்து உன் உண்டியல்ல போடுறேன்" என்று வேண்டிக்கொண்டு, முடிச்சைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன்.

பிள்ளை ஜெயித்துவிட்டான். கிளம்புகிற அன்று பையோடு நின்றவனிடம், "இந்த வாசப்படியத் தாண்டினா உனுக்கும் எனுக்கும் பேச்சில்ல" என்றேன். அவன் பையைக் கீழே வைத்தான். உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் கும்பிட்டான். வெளியே வந்து என் காலைத் தொட்டான். தாண்டிவிட்டான்.

நான் சொன்ன சொல் மாறாதவள். அந்தத் திமிர் எனக்கு உண்டு. பதினோரு மாதம் அவனோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு அவன் போன் வரும். நான் எடுக்க மாட்டேன் என்று தெரிந்து என் ஓரகத்தியின் போனுக்கு அடிப்பான். கொழுந்தனார் மனைவி, பக்கத்து வீடு. அவள் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து பேசுவாள். நான் அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் போய்ப் பாத்திரம் தேய்ப்பேன். தேய்த்த பாத்திரத்தையே தேய்ப்பேன். தேய்க்கிற சத்தத்தில் அவன் பேசுவது காதில் விழாது. விழக்கூடாது என்றுதான் தேய்த்தேன். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ்.

முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. ட்ரெயினிங் தாங்காமல் திரும்பி வந்துவிட்ட பிள்ளைகள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அம்மனுக்கு ஆயிரம் பேர் வேண்டுதல், என்னுடையதை மறந்திருப்பாள், நேரில் கொண்டுபோய்க் கண்ணெதிரே காட்டினால் ஞாபகம் வரும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஆகவே டூர் அன்றைக்குக் குளித்து முடித்து, படத்துக்குப் பின்னாலிருந்து முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய பஸ் ஏழரைக்குக் கிளம்பியது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, கற்பூரம் சுற்றியாகிவிட்டது, டிரைவர் வண்டியை எடுத்துப் பழத்தை நசுக்கியும் ஆகிவிட்டது. அப்போது பின் சீட்டிலிருந்து ஒருத்தி, "ஐயோ, காஸ மூடினேனா இல்லியான்னு தெரியிலயே" என்றாள். அவளை இறக்கிவிட்டோம். அவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, மூடித்தான் இருந்தது என்று சிரித்துக்கொண்டே வந்து ஏறினாள். கிளம்பின வண்டி நின்றுவிட்டதே என்று தலைவி மறுபடியும் நான்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னாள். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். படப்பையில் டீ குடிக்க இறங்கின கூட்டம் டீக்கடைக்குப் பக்கத்தில் நைட்டி விற்கிறவனைப் பார்த்துவிட்டது. முப்பத்தெட்டு பெண்களை ஒரு நைட்டி வண்டியிடமிருந்து பிரித்துக்கொண்டு வருவதற்கு ராணுவமே வந்திருந்தாலும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

கோயில் வாசலில் இறங்கும்போது கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நட சாத்தியாச்சும்மா. இனிமே நாலு மணிக்குத்தான்."

"சாமி, திருப்புலிவனத்துலேர்ந்து வந்துகீறோம், ஒரே ஒரு நிமிசம்" என்று நான் கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை; பஸ்ஸிலிருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். பூட்டுகிறவர் பாவம், அவர் என்ன செய்வார், நேரம் என்றால் நேரம்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கம்பிக்கு வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினோம். "வர்றப்ப நாலு மணிக்கு மேல பாத்துக்கலாம்க்கா, மியூசியத்த மொதல்ல முடிச்சிடலாம்" என்றாள் தலைவி. நைட்டி வாங்கினவர்கள் ஒருத்தியையும் விடாமல் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். நல்ல திட்டுகள். இப்போது நினைத்தால் அவர்கள் காலில் விழலாம் போலிருக்கிறது.

மியூசியத்தில் எல்லோரும் இறங்கினதும் நான் சீட்டில் கால் நீட்டினேன். டிரைவர் வந்து நின்றார். "எறங்கும்மா. வண்டியக் கொண்டும் போயி நெயல்ல போட்டுட்டு நானும் செத்த கண்ண மூடணும்." உச்சி வெயில். வெளியே நிற்க முடியாது. உள்ளே ஃபேன் இருக்கும் என்று ஒரே காரணத்துக்காக நான் ராணுவ மியூசியத்துக்குள் போனேன்.

வாசலிலேயே டாங்க் நின்றது. எங்கள் பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டு டிராக்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். இதற்கு டீசல் எவ்வளவு பிடிக்கும், சேற்றில் இறங்குமா, ஏர் பூட்டலாமா என்றெல்லாம் பேச்சு. ஒருத்தி கைப்பையிலிருந்து குங்குமத்தை எடுத்து முன்பக்கம் ஒரு பொட்டு வைத்தே விட்டாள். இரும்பு என்றால் எங்களுக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்துவிடும், கை சும்மா இருக்காது. காவலர் ஒருவர் ஓடிவந்து கைக்குட்டையால் துடைத்தார். துடைக்கும்போதே, "நெத்தியில வெச்சத தொடைக்கிறியே, நல்லதா?" என்று அவரையே ஒருத்தி மிரட்டினாள். அவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

நான் உள்ளே கூடத்தில் ஒரு ஃபேனுக்கு அடியில் நின்றுகொண்டேன். ஓரகத்தி என்னை விடவில்லை. கண்ணாடிப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒன்றில் ஒரு ராணுவக்காரர் தங்குகிற அறையை அப்படியே செய்து வைத்திருந்தார்கள். ஓர் இரும்புக் கட்டில், சுருக்கமே இல்லாத விரிப்பு, நாலாக மடித்த கம்பளி, கட்டிலுக்கு அடியில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி.

"இதே மாரி பொட்டிதான்க்கா நம்ம புள்ளைக்கும் குடுத்துகீறாங்க" என்றாள். "பேர வெள்ள பெயின்ட்டுல அவனே எய்திக்கினானாம். போர்வ சுருக்கமா இருந்தா மைதானத்த நாலு சுத்து ஓட உடுவாங்களாம். குளுருல குதிகாலு வெடிச்சி ரத்தமே வந்துடுச்சாம், பாவம். இப்ப சப்பாத்திகூட இடுறானாம், வட்டமாவே வருதாம்."

படுத்த பாயைச் சுருட்டாமல் போகிறவன் என் பிள்ளை. அதற்காகவே நான் தினம் கத்தியிருக்கிறேன். அவன் போர்வை மடிக்கிறான் என்பதும், அவன் குதிகால் வெடித்தது என்பதும் ஓரகத்திக்குத் தெரிகிறது, பெத்தவளுக்குத் தெரியவில்லை. "அவன் எங்க கீறான் இப்ப?" என்று மெதுவாகக் கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. வடக்கே ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை, இரண்டாம் முறையும் பொறுமையாகச் சொன்னாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

முகத்தை மறைக்க எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பினேன். அங்கே வரிசையாகப் போட்டோக்கள். ஒன்று எங்கள் ஊர் மாதிரியே இருந்தது. பனைமரம், ஓட்டு வீடு, வாசலில் கவிழ்த்து வைத்த உரல். நான்கு ராணுவக்காரர்கள் கொடி போர்த்திய ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த வாசலுக்குள் நுழைகிறார்கள். கதவோரம் ஓர் அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே தமிழிலும் எழுதியிருந்தது: போரில் உயிர்நீத்த வீரர் தம் வீடு வந்து சேர்ந்தபோது.

அதை மறுபடியும் படித்தேன். எப்பிடியாச்சும் வூடு வந்து சேரணும். நான் வேண்டியது இதேதான். எப்படி வர வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. எப்படியாவது என்றேன். அப்படி ஒரு வேண்டுதலை எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி சாமி கையில் கொடுத்துவிட்டு, அதை ஞாபகப்படுத்த வேறு இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறேன். காலையில் மட்டும் கோயில் திறந்திருந்தால் அம்மன் கண்ணெதிரே நீட்டியிருப்பேன். நாலு மணிக்கு நடை திறந்துவிடும். அதற்குள் அவிழ்த்தாக வேண்டும்.

முடிச்சை எடுத்தேன். பதினோரு மாதத்துக்கு மேலான மஞ்சள் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. நகம் போகவில்லை. அன்றைய கோபத்தோடு இழுத்து முடிந்த முடிச்சு, அத்தனை இறுக்கம். ஓரகத்தி, "குடுக்கா, நான் அவுக்கறேன்" என்று கை நீட்டினாள். "தொடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று பல்லால் கடித்து இழுத்தேன்.

"யம்மா, உள்ள எதுவும் துன்னக்கூடாதும்மா. வெளிய போர்டே போட்டுகீது பாரு."

அந்தக் கூடத்துக் காவலர். ராணுவத்தில் இருந்து வந்தவர் என்று மீசையே சொன்னது. வாயில் மஞ்சள் துணியோடு நான் திரும்பினேன். என் கண்ணைப் பார்த்ததும் அவருக்குத் தின்கிற விஷயமில்லை என்று புரிந்துவிட்டது.

"இன்னாம்மா அது?"

"வேண்டுதல். தப்பா வேண்டிக்கினேன். சீக்கிரம் அவுக்கணும்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டையில் பெயர்ப் பட்டையோடு குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். "கைய குத்திக்கினு பேஜார் பண்ணிக்காதம்மா, நிதானமா பண்ணு. நான் இப்பிடியே நிக்கறேன், யாரும் வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி, காவல் நிற்கிற மாதிரியே நின்றார். ஊக்கின் நுனியை நுழைத்து நெம்பினேன். முதல் கண்ணி விட்டது. இரண்டாவதும் விட்டது. காசு உள்ளங்கையில் விழுந்தபோது எனக்கு முதுகெல்லாம் வேர்வை.

அவிழ்த்தாகிவிட்டது. காசை என்ன செய்வது? வீட்டுக்கு ஆகாது, அந்த அம்மன் உண்டியலில் போட்டால் கேட்டது நடந்தது என்று ஆகிவிடும். கூடத்து வாசலில், படைவீரர் குடும்பங்களின் நலனுக்காக என்று எழுதி ஒரு சிவப்புப் பெட்டி வைத்திருந்தது. பூட்டு போட்ட பெட்டி, மேலே காசு போடுகிற வாய். நமக்கு உண்டியல் என்றால் அவ்வளவுதானே. அதன் முன்னால் போய் நின்று கண்ணை மூடினேன். தாயே, நான் முதலில் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாதே, நான் ஒரு முட்டாள், என் வாயைப் பற்றி உனக்கே தெரியும் என்று சொல்லிக் காசைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கண்ணைத் திறந்து பார்த்தால் எனக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. நான் கும்பிட்டதைப் பார்த்துவிட்டு, சக்தி உள்ள பெட்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆளாளுக்குக் காசு போட்டுக் கும்பிட்டார்கள். மருமகளுக்குக் குழந்தை வேண்டும் என்று ஒருத்தி வாய்விட்டே வேண்டினாள். குங்குமப் பெண் பெட்டியின் நாலு மூலைக்கும் பொட்டு வைத்தாள். மீசைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாரே தவிர, இந்த முறை துடைக்க யாரும் வரவில்லை. ஊக்கைத் திருப்பிக் கொடுத்தேன். "புள்ள எங்கம்மா கீறான்?" என்று கேட்டார். அந்த வடக்கத்தி ஊர்ப் பெயரைச் சொன்னேன். தப்பாகத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் அவருக்குப் புரிந்தது. "நல்ல எடம். குளுரு ஜாஸ்தி, அவ்ளோதான்" என்றார்.

பஸ்ஸில் ஏறினதும், "மணி மூன்ற ஆவுது. கோயிலா, பீச்சா?" என்று தலைவி கேட்டாள்.

"பீச்சு" என்றேன் நான் முதல் ஆளாக.

பஸ்ஸே வாயைப் பிளந்தது. காலையில் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினவள் இவள்தானா? "இன்னிக்கி அம்மன தொந்தரவு பண்ண வாணாம்" என்று மட்டும் சொன்னேன். கடலில் கால் நனைத்தோம். சுண்டல் தின்றோம். எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. ஆனாலும் பாதிதான் லேசாகியிருந்தது. மீதிப் பாதி ஏழு மணிக்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

படப்பை தாண்டும்போது ஓரகத்தியின் போன் அடித்தது. என்னைப் பார்த்தாள். பாத்திரமும் இல்லை, பின்பக்கமும் இல்லை, ஓடும் பஸ்ஸில் நான் எங்கே போவது? "குடு" என்றேன். அவள் பச்சைப் பொத்தானை அழுத்தி என் கையில் கொடுத்தாள்.

"சித்தி, டூரு எப்பிடி கீது? அம்மா வந்துகீறாங்களா?"

"வந்துகீறேன்" என்றேன்.

டவர் போய்விட்டதோ என்று போனைக் கண்ணெதிரே வைத்துப் பார்த்தேன்.

"ம்மா?"

"ம்."

"ம்மா... நல்லா கீறியா? மியூசியம் பாத்தியா?"

"பாத்தேன். உன் கறுப்புப் பொட்டிகூட பாத்தேன். குதிகாலு வெடிப்பு எப்பிடி கீது? நல்லெண்ணயும் மஞ்சளும் கொயச்சி தடவறதுக்கு இன்னா கேடு உனுக்கு?"

அவன் சிரித்தான். பதினோரு மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். பாவி, நான் எதை எல்லாம் பாத்திரத்தோடு தேய்த்துக் கொட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பஸ்ஸில் அத்தனை பேரும் பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் கேட்கட்டும், ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

"டேய், உன் ஓட்டத்துக்கு மொத நாளு நான் காசு முடிஞ்சி வெச்சேன்டா..."

"தெரியும்மா" என்றான்.

போனை இன்னும் காதோடு ஒட்டிக்கொண்டேன்.

"கெளம்ப சொல்லோ சாமி கும்புடப் போனேன்ல, படத்துக்குப் பின்னால மஞ்சத் துணி தெரிஞ்சிது. வாயால அந்தத் திட்டு திட்டிட்டு, உள்ளுக்குள்ள எனுக்காவ முடிஞ்சி வெச்சிகீறாங்களேன்னு அப்பவே அயுகை வந்துடுச்சிம்மா. இங்க பசங்க எல்லார்கிட்டயும் சொல்லிகீறேன். எங்கம்மா பேச மாட்டாங்க, ஆனா நான் ஜெயிக்கணும்னு காசு முடிஞ்சி வெச்சவங்கன்னு. ஓட முடியாத அன்னிக்கெல்லாம் அதத்தான் நெனச்சிக்குவேன். ஓடிடுவேன்."

அவன் விழ வேண்டும் என்று நான் முடிந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு இந்தப் பிள்ளை பதினோரு மாதம் ஓடியிருக்கிறான். போனில் சொல்கிற விஷயமா அது? நேரில் வரட்டும், சோறு போட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, நானே சொல்வேன். சிரிப்பான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் அதை அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

"ஜெயிச்சி எவ்ளோ நாளாச்சி, முடிச்ச அவுத்துட்டியாம்மா?" என்று கேட்டான்.

"இன்னிக்கித்தான்டா அவுத்தேன்."

"உண்டியல்ல போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்" என்றேன். அதற்குமேல் பேச முடியாமல் அழுதேன். ஓரகத்தி அழுதாள். நைட்டி வாங்கினவர்கள் அழுதார்கள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பங்குனி உத்திரத்துக்கு லீவு கேட்டிருப்பதாக அவன் சொன்னான். கிடைத்துவிடும் போலத்தான் இருக்கிறது என்றான்.

போனை வைத்ததும் ஓரகத்தியிடம் ஒரு ரூபாய்க் காசு கேட்டேன். மஞ்சள் துணி என் மடியிலேயே இருந்தது. "மறுபடியுமா?" என்றாள். "நவுந்து உக்காரு" என்றேன். சத்துணவுக்கு மாசாமாசம் படிவம் எழுதுகிறவள் நான். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. காசை நடுவில் வைத்து, நாளைக்கு விரலாலேயே அவிழ்க்கிற மாதிரி இளக்கமாக முடிந்துகொண்டே அம்மனுக்கு விவரமாகச் சொன்னேன்:

"தாயே, நல்லா கேட்டுக்கோ. என் புள்ள உத்திரத்துக்கு லீவுல வரணும். ரெண்டு காலால நடந்து, அவன் பொட்டிய அவனே தூக்கிக்கினு, சிரிச்சிக்கினு வரணும். வந்து என் கையால சாப்புடணும். லீவு முடிஞ்சதும் நல்லபடியா திரும்பிப் போவணும்."